போய் வரும் கூரை

தையல் மெஷின் பழுதுபார்ப்பவர் மாப்பிள்ளையாகப் போன வீட்டின் கூரை, வருடத்துக்கு ஒருமுறை, காற்றுக்காலத்தில் வீட்டை விட்டுப் போகும். மூன்றாம் நாள் முற்பகலில் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்காரும். கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண்ணின் வயது, அவள் ஓட்டும் வேன், அவள் அம்மாவின் பிடிவாதம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னவர்கள் இதை மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அவருக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சின்ன வயதிலேயே அம்மா அப்பா இருவரையும் இழந்து, ஒரு சித்தப்பா வீட்டில் ஆறு மாதம், ஒரு மாமா வீட்டில் ஒரு வருடம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளர்ந்தவர். எந்த வீட்டிலும் செருப்பை எங்கே விடுவது என்பதே அவருக்குப் பெரிய யோசனையாக இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் தன் கட்டிலை உள்ளறைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தெருவைப் பார்த்த முன்னறையைக் காட்டி, "இது உங்க ரூம் மாப்பிள்ளை. கதவ சாத்திக்கிட்டாலும் சரி, தொறந்து வச்சாலும் சரி, உங்க இஷ்டம்" என்றார். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். வீட்டோட மாப்பிள்ளை என்று தெரு அவரைக் கிண்டல் செய்தது. அவருக்கு அது பட்டப்பெயராகத் தோன்றவில்லை, பட்டமாகத் தோன்றியது.

நாலாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர், முகத்தில் வெளிச்சம் விழுந்து விழித்தார். மேலே வானம் இருந்தது. சாம்பல் நிற மேகம் ஒன்று அவசர வேலையாகப் போகிறவர் போலக் கடந்து போனது. செத்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தார். துடித்தது. மனைவி சமையலறையில் சாமான்களையெல்லாம் மேடைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எழுந்துட்டீங்களா? அந்தத் தலகாணிய எடுத்து மேஜைக்கு அடியில வைங்க, நனைஞ்சிடும்."

"கூரை எங்க?"

"போயிருக்கு. செவ்வாக்கிழமை வந்துடும்."

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "மாப்பிள்ளைகிட்ட நீ சொல்லலையாடி?"

"நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

மூன்று நாளும் குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குத் தெருவின் மீது ஒரு நிழல் விழுந்தது. தகரக் கூரை மரச்சட்டங்களோடு மெதுவாக இறங்கி, பெட்டிக்கு மூடி போட்டதுபோலச் சுவர்களின் மேல் உட்கார்ந்தது. அதன் முதுகில் ஒரு மீன்வலைச் சுருள், குழந்தைகள் ஊஞ்சல் ஒன்று, முட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு கோழி. கூரை ஒருமுறையும் வெறுங்கையோடு வந்ததில்லை. காற்று எங்கே மூர்க்கமாக இருக்கிறதோ அங்கே போய், அது பிடுங்கி எறிந்த எதையாவது எடுத்து வரும். மனைவி பிறந்த வருடத்தில்தான் முதன்முதலாகப் போனது. திரும்பியபோது ஒரு தொட்டில் இருந்தது. தேடி யாரும் வராததால் அவள் அதிலேயே வளர்ந்தாள். மற்றபடி எல்லாப் பொருளுக்கும் ஆள் வந்துவிடும். இருபது மைல், முப்பது மைல் தூரத்திலிருந்து வந்து, தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டி, "எங்க ஊஞ்சல் இங்க வந்திருக்காமே" என்பார்கள். மாமியார் கொடுத்தனுப்புவார். கோழிக்காரர் வருவதற்குள் குஞ்சு பொரித்துவிட்டதால் எட்டுக் குஞ்சுகளோடு அனுப்பினார்.

மாமியார் முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். யாரோ இருவரை இணைத்துவிட்டுத் தான் விலகிக்கொள்வது அவருடைய தொழில். குரல் மட்டும் மூன்று தெருவுக்குக் கேட்கும். எக்ஸ்சேஞ்சம்மா என்றால்தான் ஊரில் தெரியும். கல்யாணமான மூன்றாம் வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. எலும்பு கூடியது, நடை கூடவில்லை. படுக்கையோடு ஆனார். அந்த வருடமும் கூரை வழக்கம்போலக் கிளம்பியது. கட்டிலுக்கு மேல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய் முதல் நாளே கிழிந்தது. மூன்று நாள் மழை அவர் மேல் பெய்தது. கூரை திரும்பியபோது அவருக்குக் காய்ச்சல். பிறகு நெஞ்சில் சளி. பிறகு இருபது நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "இன்னொரு தடவை இவங்க நனையக்கூடாது." அதை மகளைப் பார்த்துச் சொல்லவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். ஏன் என்று தெரியாது. இவர்தான் பக்கத்தில் நின்றிருந்தார், அவ்வளவுதான். ஆனால் அவர் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

மறுநாளே தச்சரைக் கூட்டிவந்தார். தச்சர் தெருவில் நின்றபடியே அண்ணாந்து, வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "கூரைல தப்பே இல்லைங்க. ஓரம் போச்சு" என்றார். தகரத்தின் விளிம்பில் சட்டங்களின் முனையை மூடி நாலு பக்கமும் ஓடும் ஓரப்பலகை, முப்பது வருட மழையில் ஊறி, ரொட்டியைப் போலப் பிய்ந்து போயிருந்தது. பலகைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. "அந்த சந்துலதான் காத்து கைய விடுது. விட்டுத் தூக்குது. ஓரத்த அடைச்சிட்டா எங்கயும் போகாது." பலகை அறுத்துத் தருவதாகச் சொன்னார். ஏறி அடித்துத் தரமாட்டேன் என்றார். அவர் மட்டுமல்ல, ஊரில் எந்தத் தச்சரும் அந்தக் கூரையில் ஏற ஒப்புக்கொள்ளவில்லை. ஆணியடித்துக்கொண்டிருக்கும்போது அது கிளம்பிவிட்டால் மூன்று நாள் பிழைப்பு போய்விடும் என்றார்கள். நியாயம்தான்.

ஆகவே மாப்பிள்ளையே ஏற வேண்டியதாயிற்று. இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவருக்கு உயரம் ஆகாது. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே கால் நடுங்கி, காது அடைத்து, வியர்த்துக் கொட்டும். கல்யாணமான நாளிலிருந்து பல்பு மாற்றுவது மனைவிதான். முதல் நாள் ஏணியின் முதல் படியில் ஏறி, கால்மணி நேரம் நின்றுவிட்டு இறங்கினார். இரண்டாம் நாள் இரண்டாம் படி. தெரு வேடிக்கை பார்த்தது. எதிர்க்கடை சைக்கிள்காரர், "மாப்பிள்ளை இந்த வேகத்துல போனா அடுத்த காத்துக்காலத்துக்குள்ள மூணாம் படிக்குப் போயிடுவாரு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். ஏணியை மனைவி பிடித்துக்கொண்டாள். விடியலில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, விதைக் கிடங்கில் வேலை செய்யும் பெண்களை வேனில் ஏற்றி இறக்குவது அவள் வேலை. இடைப்பட்ட நேரமெல்லாம் ஏணியடியில் நின்றாள். "கீழ பாக்காதீங்க. நான் பிடிச்சிருக்கேன். ஸ்டீயரிங் பிடிச்ச கை, விடாது." பதினொன்றாம் நாள் அவர் தலை தகரத்தின் மட்டத்துக்கு வந்தது. அங்கிருந்து, அதுவரை கீழிருந்தே பார்த்த ஊரின் மேல்பக்கத்தைப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. உடனே இறங்கி வாந்தியெடுத்தார். பன்னிரண்டாம் நாள் வேலையைத் தொடங்கினார்.

மெஷின் பழுதுபார்க்கிறவருக்கு ஒரு குணம் உண்டு. எதையும் பாதியில் மூடி வைக்கத் தெரியாது. பழைய பலகையை முழுக்கப் பிடுங்கினார். சட்டங்களின் முனையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்; திடமாகச் சத்தம் வந்ததை விட்டுவிட்டு, பொத்தென்று கேட்டதையெல்லாம் நல்ல மரம் தெரியும் வரை செதுக்கி ஒட்டுப் போட்டார். புதுப் பலகையின் முகத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் போதும் என்று தச்சர் சொன்னதை அவர் கேட்கவில்லை. பின்பக்கம், மேல் விளிம்பு, அடி விளிம்பு, அறுத்த முனைகள் என்று ஆறு பக்கமும் மூன்று தடவை பூசினார். தண்ணீர் எப்போதும் முனை வழியாகத்தான் மரத்துக்குள் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எண்ணெய் எப்போதும் மெஷினுக்குள் எப்படிப் போகிறது என்பதை வைத்து யோசித்துக்கொண்டார். ஆணிக்குப் பதில் துரு ஏறாத திருகாணி. பலகையின் மேல் தகரத்தை மடித்து, மழை பலகையில் வழியாமல் ஒரு விரற்கடை தள்ளிச் சொட்டும்படி செய்தார். கடைசியாக, சட்டங்களைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகள். இருபத்தாறு இடத்தில் இருபத்தாறு போல்ட். எல்லாமாக நாற்பத்தொரு நாள் ஆயிற்று. கடைசி நட்டை முறுக்கி இறங்கியபோது மனைவி, "ஏங்க, நீங்க ஒரு தடவைகூட கண்ண மூடல, தெரியுமா?" என்றாள். அவருக்குத் தெரியாது.

அடுத்து வந்த காற்றுக்காலத்தில் கூரை போகவில்லை. அதற்கடுத்த வருடமும் போகவில்லை. அப்படி ஐந்து காற்றுக்காலம் கழிந்தது. ஒவ்வொரு முறையும் காற்று தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் ஏணியைச் சாத்தி, வீட்டைச் சுற்றிப் பலகையைத் தட்டிக் கேட்பார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். மயிரிழை வெடிப்பு கண்டாலும் பட்டி வைத்து அடைத்துப் பூசுவார். கால் நடுக்கம் போகவில்லை. நடுங்கும் காலோடு வேலை செய்யப் பழகிக்கொண்டார். மாமியார் மீது ஒரு சொட்டு விழவில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மகளிடம் மட்டும், "மாப்பிள்ளைக்கு ரெண்டாவது தடவை தேநீர் குடுத்தியா?" என்று தினமும் கேட்பார்.

ஆனால் கூரைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. காற்று எழும் நாட்களில் இருபத்தாறு பட்டைகளையும் இழுத்துக்கொண்டு முனகும். நெடுந்தூர பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி அப்படியொரு முனகல். ஊரிலும் குறை கிளம்பியது. காற்றில் சேலையைத் தொலைத்தவர்கள், கன்றுக்குட்டியைத் தொலைத்தவர்கள், படகின் துடுப்பைத் தொலைத்தவர்கள் எல்லாம் வந்து, "உங்க கூரை இந்த வருஷமும் போகலையா?" என்று விசாரித்துவிட்டு வெறுமனே திரும்பிப் போனார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருக்கும். உள்ளே போய் மாமியாரின் காய்ந்த போர்வையைத் தொட்டுப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வார்.

ஆறாம் வருடம் வந்த காற்று அதுவரை வந்தவற்றில் சேர்த்தியில்லை. மூன்று நாளுக்கு முன்பே பறவைகள் ஊரைக் காலி செய்தன. நாலாம் நாள் பிற்பகல், கிடங்கை அவசரமாக மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவி வேனை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். மூன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"ஏங்க, தரைப்பாலத்துல வண்டி நின்னுடுச்சு. தண்ணி ஏறுது. எல்லாரும் வண்டி மேல ஏறி உக்காந்திருக்கோம்."

"எத்தனை பேரு?"

"என்னோட சேத்து பதிமூணு. நீங்க பயப்படாதீங்க. அம்மாவுக்கு நாலு மணி மாத்திரை, அந்த நீல டப்பா—"

அத்தோடு போய்விட்டது. அவர் தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினார். காற்று அடங்காமல் படகை இறக்க முடியாது என்றார்கள். எப்போது அடங்கும் என்று கேட்டார். காலையில் என்றார்கள். தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கேட்டார். அதற்கு அங்கிருந்தவர் பதில் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்து அவருக்குப் புரிந்தது. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். மேலே கூரை முனகியது.

"லைன் கட்டாயிடுச்சா?" என்றார் மாமியார் உள்ளறையிலிருந்து.

"ஆமா அத்தை."

"மாப்பிள்ளை, அந்த ஸ்பேனர எங்க வச்சிருக்கீங்க?" என்றார்.

அவருக்கு உடனே விளங்கியது. விளங்கியதாலேயே கோபம் வந்தது. "முடியாது அத்தை. டாக்டர் என்ன சொன்னாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"நான் நனையக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. என் பொண்ணு முழுகலாம்னு சொல்லலையே."

"அது அங்கதான் போகும்னு என்ன நிச்சயம்? எங்கயாவது போய் ஒரு கோழியத் தூக்கிட்டு வந்தா?"

"முப்பது வருஷம் லைன் போட்டுக் குடுத்திருக்கேன். அந்தப் பக்கம் எடுப்பாங்களான்னு தெரிஞ்சா போட்டேன்? நம்ம பக்கத்த நாம திறந்து விடணும். அவ்வளவுதான் நம்ம கைல இருக்கு. போங்க, நேரமாகுது."

அவர் முதலில் மாமியாரின் கட்டிலை மூலைக்குத் தள்ளினார். மெஷின் மேஜையைக் காலி செய்து அவர் தலைக்கு மேல் நிறுத்தினார். தார்ப்பாயைப் போட்டு நாலு பக்கமும் செங்கல் வைத்தார். நீல டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்து, தண்ணீர் குடித்து முடிக்கும் வரை நின்றார். பிறகு வெளியே போய் ஏணியைச் சாத்தினார். காற்றில் அது சுவரில் நிற்காமல் வழுக்கியது. பிடிக்க ஆளில்லை என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதிர்க்கடை சைக்கிள்காரர் பாதி இறக்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு, தெருவைக் குனிந்து கடந்து வந்து, ஒன்றும் கேட்காமல் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். நல்ல கனமான மனிதர். ஏணி நட்டுவைத்ததுபோல நின்றது.

இருபத்தாறு போல்ட். ஏணியை ஒவ்வொரு முறையும் நகர்த்தி, ஏறி, கழற்றி, இறங்க வேண்டும். ஐந்து வருடமாக அவரே எண்ணெய் விட்டு வைத்திருந்ததால் நட்டுகள் வெண்ணெய் மாதிரி கழன்றன. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு தனக்கே நன்றி சொல்லிக்கொண்டார். பன்னிரண்டாவது போல்ட்டில் கூரை ஒரு பக்கம் துள்ளத் தொடங்கியது. இருபதில் சட்டங்கள் சுவரில் தாளம் போட்டன. இருபத்தைந்து கழன்றபோது கூரையின் பாரம், காற்றின் பாரம் எல்லாம் ஒரே ஒரு பட்டையில் தொங்கின. கடைசி நட்டு அசையவில்லை. இழுபட்டு இறுகிப்போயிருந்தது. தொங்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். தண்ணீர் கண்ணில் அடித்தது. கீழேயிருந்து சைக்கிள்காரர் ஏதோ கத்தினார். மாப்பிள்ளை ஓரப்பலகையில் உள்ளங்கையை வைத்து, எல்லோரிடமும் பேசுவதுபோலவே சொன்னார்: "கொஞ்சம் இறங்கு. ஒரு விரக்கடை. நான் அவுத்து விடறேன்." கூரை ஒரு விரற்கடை இறங்கியது. நட்டு சுழன்றது. அவர் கையை எடுத்ததும் கூரை கிளம்பியது. காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. கூரை அதை எதிர்த்து மேற்கே போனது. தரைப்பாலம் அந்தத் திசையில்தான் இருக்கிறது. இதை அவர் கவனிக்கவில்லை. சைக்கிள்காரர்தான் பிறகு எல்லோரிடமும் சொன்னார், சிரிக்காமல்.

செங்கல்கள் போதவில்லை. தார்ப்பாயின் இரண்டு முனைகளை அவர் கையால் பிடித்துக்கொண்டு மாமியாரின் தலைமாட்டில் நின்றார். மழை அறைக்குள் நேராக விழுந்தது. மேஜைக்கடியில் மாமியார் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

"குளிருதா மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை."

"பொய் சொல்றீங்க. பல்லு தந்தி அடிக்கிற சத்தம் இங்க கேக்குது." சற்றுக் கழித்து, "அஞ்சு வருஷமா நான் ஒரு சொட்டு நனையல. அதுக்கு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தினம் நெனப்பேன். சொல்லல" என்றார்.

"அதான் தினமும் ரெண்டாவது தேநீர் வருதே."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது." அவர் தார்ப்பாயை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "நீங்க எனக்கு ஒரு ரூம் குடுத்தீங்க அத்தை."

"அது வெறும் ரூம்தானே."

"உங்களுக்கு."

மாமியார் கையை வெளியே நீட்டி, அவர் முழங்காலை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார். எட்டியது அதுதான். அதன் பிறகு இருவரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று நாள் ஆகவில்லை. ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. திடீரென்று மழை அறைக்குள் விழுவது நின்றது. சத்தம் மட்டும் மேலே கேட்டது. அண்ணாந்தால் கூரையின் அடிவயிறு. நாலு ஓரத்திலும் கால்கள் தொங்கின. சேறு அப்பிய, செருப்பில்லாத, இருபத்தாறு கால்கள். கிடங்குப் பெண்கள் விளிம்பைச் சுற்றி உட்கார்ந்து, ஓரப்பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். முன்பக்கம் நடுவில், வேனில் உட்காருவதுபோலவே நிமிர்ந்து, மனைவி. "எல்லாரும் கால உள்ள இழுங்க! வீடு வந்துடுச்சு!" என்று கத்தினாள். இழுத்தார்கள். கூரை உட்கார்ந்தது. உயரத்தினால் டவர் என்று பெயர் வாங்கிய ஒருத்தியின் ஒரு கால் மட்டும் மாட்டிக்கொண்டதால், மறுபடி எழும்பி, அவள் காலை எடுத்ததும் மறுபடி உட்கார்ந்தது. சைக்கிள்காரர் ஏணியைப் பிடித்தார். பதின்மூன்று பேரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய மனைவி, ஈரத்தோடே அம்மாவின் கட்டில் மேல் உட்கார்ந்து, "மாத்திரை போட்டியாம்மா?" என்றாள். "போட்டேன்" என்றார் மாமியார். அப்புறம்தான் மூன்று பேரும் அழுதார்கள்.

நடந்தது இது. தண்ணீர் வேனின் மேல்தளத்தைத் தொட்டபோது கூரை தாழ வந்து, கைக்கு எட்டும் உயரத்தில் ஓரத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. வெள்ளம் இழுக்க, காற்று தள்ள, ஒவ்வொருத்தியாகப் பலகையைப் பற்றித் தொங்கி, உன்னி, ஏறினார்கள். இருவர், மூவர் ஒரே இடத்தில் தொங்கியபோதும் பலகை இம்மி அசையவில்லை. "பழைய பலகையா இருந்திருந்தா கையோட வந்திருக்கும்" என்றாள் மனைவி. "புடிச்ச உடனே தெரிஞ்சுது, இது நீங்க போட்ட திருகாணின்னு."

மாமியாருக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் இருந்து, இறங்கியது. டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. தன் ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு முறை கூடுதலாக வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். காற்று அடங்கியதும் மாப்பிள்ளை ஏணியைச் சாத்திப் பலகையைப் பார்வையிட்டார். பெயின்ட்டில் நகக்கீறல்கள் வரிவரியாக இருந்தன. சில இடத்தில் மரம் வரை போயிருந்தது. அதை அப்படியே விட்டுவையுங்கள், நினைவாக இருக்கட்டும் என்று டவர் கேட்டுக்கொண்டாள். அவருக்கும் மனசு வரவில்லைதான். ஒவ்வொரு கீறலையும் விரலால் ஒருமுறை தடவினார். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்து அடைத்து, மூன்று தடவை பூசினார். விட்டால் அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும் என்றார்.

மறு மாதமே கிடங்குப் பெண்களின் வீட்டார் சேர்ந்து, உள்ளறையில் கட்டில் இருந்த இடத்துக்கு மேல் மட்டும், கூரைக்குக் கீழே, சின்னதாக ஒரு சிமென்ட் தளம் போட்டுக் கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை. மணலும் ஜல்லியும் வந்து தெருவில் இறங்கிய பிறகுதான் வீட்டில் தெரியும். இரும்புப் பட்டைகளில் போல்ட்டை எடுத்துவிட்டு, உள்ளேயிருந்தே கையால் நீக்கும் கொக்கிகளை மாட்டினார் மாப்பிள்ளை. காற்றுக்காலம் வந்தால் நீக்கிவிடுவார். கூரை போகும், வரும். இப்போது பொருட்களோடு, வெள்ளத்தில் சிக்கிய ஆட்களையும் ஏற்றி வந்தது. மாமியார் அந்தத் தளத்தின் கீழ் நனையாமல் இன்னும் ஏழு வருடம் இருந்தார். வந்தவர்களை எல்லாம் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்து, அவரவர் வீட்டுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லும் வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். பிறகு காற்றில்லாத ஒரு மாதத்தில், ஒரு பிற்பகலில், தூக்கத்திலேயே போனார். வருடாவருடம் காற்றுக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு பெண்களும் ஆளுக்கொரு பிரஷ்ஷோடு வருவார்கள். பன்னிரண்டு பேர் பூசினால் ஓரப்பலகை மதியத்துக்குள் முடிந்துவிடும். அவர் தட்டிக் கேட்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

போன வருடம் கூரை புதன்கிழமை கிளம்பியது. வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. "தூரமாப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு மனைவி வேனைக் கழுவப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தெருவில் நிழல் விழுந்தது. சைக்கிள்காரர் வெளியே நிறுத்தியிருந்த வண்டிகளை ஓரமாகத் தள்ளினார். பக்கத்து வீட்டில் காயப்போட்ட துணியை எடுத்தார்கள். மாப்பிள்ளை தெருவில் இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, தொங்கும் கால்களை எண்ணினார்.

"எத்தனை பேருக்கு சாப்பாடு வைக்கட்டும்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் மனைவி.

"ஏழு பேரு. ஒரு மாடு."

"மாடா? மாடு எப்படிங்க ஏணில இறங்கும்?"

அவர் ஓரத்துக்கு அறுத்ததில் மிச்சமிருந்த அகலப் பலகையை எடுத்துச் சுவரில் சாய்வாகப் போட்டு, குளம்பு வழுக்காமலிருக்க அதன் மேல் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார்.